பூனைக்குக் கருத்தடை செய்தால் "அந்தக் குணம்" போய்விடுமா? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் பழைய ஊரில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். கொசப்பேட்டையில் ஒரு மொட்டைமாடியில் ஏறிய கடுவன் பூனை, தெருவில் கால் வைக்காமலே பத்து வீடு தாண்டிவிடும். தை பிறந்து பகல் நீளத் தொடங்கியதும் ராத்திரிக் கூரைச் சண்டை சூடு பிடிக்கும், கூடவே கேள்விகளும் வரும். நான் மருத்துவர் இல்லை. வீட்டில் பூனை வளர்க்கிறேன், தெருப் பூனைகளை ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன், அவ்வளவுதான். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கருத்தடை ஆபரேஷன் என்றால் மனிதர்களுக்குச் செய்யும் குடும்பக் கட்டுப்பாடு மாதிரிதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மனிதர்களுக்குக் குழாயை மட்டும் கட்டுகிறார்கள் அல்லது வெட்டுகிறார்கள். ஹார்மோன் வழக்கம்போல் சுரக்கும், ஆசையும் அப்படியே இருக்கும். பூனைக்கு உறுப்பையே எடுத்துவிடுகிறார்கள். கடுவனுக்கு இரண்டு விதைகளும் போய்விடும். பெட்டைக்குச் சினைப்பையும் பெரும்பாலும் கருப்பையும் சேர்ந்து போய்விடும். குட்டி நிற்பதோடு, இணைசேரத் தூண்டுகிற ஹார்மோனும் நின்றுவிடுகிறது. குணம் மாறுவது அதனால்தான்.

குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காயடித்த கிடாவைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் காளைக்கு இடுக்கியால் நசுக்குகிற வேலை பூனைக்குக் கிடையாது. இங்கே மயக்க மருந்து கொடுத்து முறையாகச் செய்யும் அறுவை சிகிச்சைதான்.

குழாயை மட்டும் கட்டச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. செய்யலாம், குட்டி பிறக்காது. ஆனால் கத்தல், சுற்றல், சண்டை, மூத்திர வாடை எதுவும் குறையாது.

எங்கள் பெட்டைப் பூனை ராத்திரி முழுக்கக் கத்துகிறது, தரையில் உருளுகிறது. வயிற்று வலியா?

ஆறு மாதம் ஆன, ஆபரேஷன் ஆகாத பெட்டை என்றால் அநேகமாகப் பருவத்துக்கு வந்திருக்கிறது. நாலு மாதத்திலேயே வந்துவிடுவதும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். தலையையும் கன்னத்தையும் கதவு நிலையில், உங்கள் காலில், கட்டில் விளிம்பில் தேய்க்கும். முதுகில் வால் அடிப்பக்கம் லேசாகத் தடவினால் முன்பகுதியைத் தரையோடு அழுத்தி, பின்பகுதியைத் தூக்கி, வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி, பின்னங்கால் இரண்டையும் மாறி மாறி மிதிக்கும். வயிற்று வலி உள்ள பூனை இப்படிச் செய்யாது. அது சுருண்டு மூலையில் ஒளியும், சாப்பிடாது.

பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், காளை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சினைமுட்டை தானே வெளிவந்துவிடும். பூனையின் கணக்கு வேறு. பெரும்பாலும் கடுவன் சேர்ந்தால்தான் முட்டை வெளிவரும். கடுவனின் குறியில் சின்னச் சின்ன முட்கள் உண்டு. அவை உராய்வதுதான் மூளைக்குப் போகும் செய்தி. அதிலிருந்து ஒன்றிரண்டு நாளில் முட்டை வெளிவரும். ஒரு தடவை சேர்வது பெரும்பாலும் போதாது. அதனால்தான் பகலும் இரவுமாகப் பல தடவை சேர்கின்றன. ஒவ்வொரு தடவையும் முடிவில் பெட்டை போடும் அலறல், திரும்பி அறையும் அறை, அப்புறம் தரையில் புரளல் எல்லாம் அந்த முட்களின் வேலை.

கடுவன் கிடைக்காவிட்டால் ஒரு வாரம்போலக் கத்திவிட்டு அடங்கும். இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். குளிர்நாட்டுப் பூனைகளுக்குப் பகல் குறையும் மாதங்களில் ஓய்வு உண்டு. வேலூர் கிட்டத்தட்ட 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. மார்கழியில்கூடப் பகல் 11 மணி நேரத்துக்கு மேல். போதாததற்கு வீட்டுக்குள் ராத்திரி பதினொன்று வரை டியூப் லைட். நம் ஊர்ப் பூனைக்கு ஓய்வு மாதம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது.

ஆபரேஷன் செய்தால் பெட்டையின் கத்தல் எப்போது நிற்கும்?

சட்டென்று நிற்கும். பெட்டையின் விஷயம் எளிது, சினைப்பை போனால் பருவமும் போயிற்று. பருவத்தில் இருக்கும்போதே ஆபரேஷன் செய்தால் சில நாள் மிச்சம் தெரியலாம், ஒரு வாரத்துக்குள் அடங்கும். அந்தச் சில நாளும் வெளியே விடாதீர்கள். வாசனைக்குக் கடுவன்கள் வந்து நிற்கும், தையல் போட்ட வயிற்றோடு அவற்றிடம் மாட்டக்கூடாது. பருவ நேரத்தில் ரத்த ஓட்டம் கூடுதலாக இருப்பதால் சில மருத்துவர்கள் ஒரு வாரம் தள்ளி வரச் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தள்ளிப்போடும் அந்த வாரத்தில் கதவு ஜன்னல் பத்திரம்.

ஆபரேஷன் ஆகி மாதக்கணக்கில் ஆன பெட்டை மறுபடி அதேபோல் உருளுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அவசரப்பட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம். சினைப்பையின் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் அது ஹார்மோன் சுரக்கும், பருவ அறிகுறி முழுசாகத் திரும்பும். கருப்பை எடுத்துவிட்டதால் குட்டி வராது, ஆனால் கடுவனை ஏற்கும். அறிகுறி தெரியும் அந்த நாட்களிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். பிறப்புறுப்பில் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பார்ப்பார்கள், ரத்தத்தில் ஹார்மோன் பரிசோதனையும் உண்டு. உறுதியானால் துணுக்கை எடுக்க இரண்டாவது ஆபரேஷன்தான் வழி. போவதற்கு முன் பூனை செய்வதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் உருண்டு காட்டாது.

வெறுமனே காலில் உரசுவதையும், வெயிலில் புரள்வதையும் பருவம் என்று நினைத்துவிடக் கூடாது. அது எல்லாப் பூனைக்கும் உள்ளது.

கடுவனுக்குச் செய்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் பெட்டை மேல் ஏறுகிறதே?

ஏறும். இந்தப் பக்கத்திலேயே நான் நீளமாக எழுத விரும்புவது இதற்குத்தான். "பணம் வீண்" என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் கடுவன் வளர்ப்பவர்கள்.

விதை போன ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். குணம் அத்தனை வேகமாக இறங்காது. மூளை பழகிய பழக்கத்தை மறக்க நாளாகும். எவ்வளவு நாள் என்பது அந்தக் கடுவன் ஆபரேஷனுக்கு முன்னால் எப்படி வாழ்ந்தது என்பதைப் பொறுத்தது. 1958-ல் ரோசன்பிளாட், ஆரன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத்தான் பார்த்தார்கள். பெட்டையோடு சேர்ந்து பழகியிருந்த கடுவன்கள், விதை எடுத்த பிறகும் நீண்ட நாள் ஏறிக்கொண்டிருந்தன. சில மாதக்கணக்கில் தொடர்ந்தன. அனுபவமே இல்லாதவை சீக்கிரம் அடங்கிவிட்டன.

ஆக, ஐந்து மாதக் குட்டியாக இருக்கும்போதே ஆபரேஷன் ஆன கடுவனுக்கு இந்தப் பழக்கம் வேர் பிடிக்கவே நேரம் இருக்காது. மூன்று வருடம் நம் வேலூர் சைதாப்பேட்டைக் கூரைகளை ஆண்ட, கன்னம் உப்பி, காது கிழிந்த பெரிய கடுவனைக் கொண்டுபோய்ச் செய்தால் மாதக்கணக்கில் பொறுக்கணும். அந்த உப்பிய கன்னமும் ஹார்மோன் தந்ததுதான், மெல்ல வற்றும். சிறுவயதில் செய்தவற்றுக்கு அந்தக் கன்னம் வருவதே இல்லை.

குறியிலுள்ள முட்கள் மட்டும் சில வாரத்தில் மறைந்துவிடும். ஒரே ஒரு விதை இறங்கி மற்றொன்று வயிற்றுக்குள் தங்கிவிட்ட கடுவன்கள் உண்டு. வெளியே தெரிந்ததை மட்டும் எடுத்துவிட்டு விட்டால் உள்ளே இருப்பது ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். ஆபரேஷன் ஆகி இரண்டு மூன்று மாதமாகியும் முட்கள் இருந்தால் மருத்துவருக்கு அதுவே பெரிய துப்பு.

அப்படி ஏறினால் பெட்டைக்குச் சினை பிடிக்குமா?

முதல் சில வாரங்கள் பிடிக்கலாம். குழாயில் ஏற்கெனவே தங்கிய விந்து இருக்கும். ஐந்தாறு வாரமாவது ஆபரேஷன் ஆகாத பெட்டையோடு விடாதீர்கள். அதற்குப் பிறகு பிடிக்காது.

ஆனால் ஒரு வேடிக்கை நடக்கும். கடுவன் சேர்ந்ததையே சாக்காக வைத்துப் பெட்டைக்கு முட்டை வெளிவந்துவிட்டால், விந்து இல்லாததால் பொய்ச்சினை ஆகும். சுமார் ஐந்தாறு வாரம் பருவத்துக்கு வராமல் சும்மா இருக்கும், அப்புறம் பழையபடி கத்தும். "சினையாகி கலைந்துவிட்டது" என்று பலர் சொல்வதில் கொஞ்சம் இந்தக் கணக்கும் இருக்கும்.

தலையணை மேலும், கூடப் பிறந்த கடுவன் மேலும் ஏறுகிறது. இது என்ன?

கழுத்தைக் கவ்விக்கொண்டு மிதிப்பது எல்லா நேரமும் காமம் இல்லை. விளையாட்டு மிஞ்சும்போது, வீட்டுக்குப் புதுப் பூனை வந்தபோது, வெளியே வேறு கடுவனின் சத்தம் கேட்டபோது, நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் சலித்துப் போனபோது இப்படிச் செய்யும். திட்டவோ அடிக்கவோ வேண்டாம். நடுவில் ஒரு கயிற்றையோ பந்தையோ போட்டுக் கவனத்தைத் திருப்புங்கள். அடிபடும் மற்றப் பூனைக்கு ஏறி ஒளிய ஓர் உயரமான இடம் கொடுங்கள், பீரோ மேல் ஒரு பழைய துணி போதும். தலையணையோடு மட்டும் நின்றால் ஒரு தலையணையைத் தத்தம் செய்துவிடுவது என் கட்சி.

சுவரில் மூத்திரம் பீய்ச்சுவது நிற்குமா?

பெரும்பாலும் நிற்கும். 1973-ல் ஹார்ட், பாரெட் இருவரும் வளர்ந்த கடுவன்களைக் கவனித்து எழுதியதில் சண்டை, ஊர் சுற்றல், பீய்ச்சல் மூன்றும் பத்தில் எட்டு ஒன்பதுக்குக் குறைந்தன. சிலவற்றுக்கு உடனே, சிலவற்றுக்குச் சில மாதம் கழித்து. இளமையிலேயே செய்தாலும் பத்தில் ஒரு கடுவன் பீய்ச்சலாம். பெட்டைகளிலும் இருபதில் ஒன்று இப்படிச் செய்யும். மிச்சமுள்ள பீய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் ஹார்மோன் இல்லை, மனக்குறை. ஜன்னலில் வந்து உட்காரும் அயல் பூனை, வீடு மாற்றம், ஐந்து பூனைக்கு ஒரே மண் தட்டு என்று தேடிப் பாருங்கள்.

பீய்ச்சும் பூனை சுவருக்கு முதுகு காட்டி நின்று, வாலைச் செங்குத்தாகத் தூக்கி, வால் நுனி நடுங்க, நின்றபடியே தெளிக்கும். உட்கார்ந்து போவது வேறு. கடுவன் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சொட்டுகூட வரவில்லை என்றால் குணம், பழக்கம் என்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். மூத்திரக்குழாய் அடைத்திருக்கிறது, அன்றைக்கே மருத்துவரிடம் போகணும். விட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போகும்.

வாடை போக பினாயில் ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். பூனை உள்ள வீட்டில் வேண்டாம். அதிலுள்ள பீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. காலில் ஒட்டியதை நக்கினாலே கெடுதி. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவம் நல்லது.

ஊர் சுற்றலும் சண்டையும்?

பெட்டையைத் தேடிப் போகும் சுற்றல் குறையும். சாப்பாடு தேடி, எலி தேடி, வெயில் காயப் போகும் சுற்றல் குறையாது. சண்டையிலும் அப்படித்தான். பெட்டைக்காக அடித்துக்கொள்வது அடங்கும், தன் மாடிக்குள் வந்தவனை விரட்டுவது இருக்கும். கடிபட்டுச் சீழ் கட்டுவது வெகுவாகக் குறைவதே பெரிய லாபம். பூனை எய்ட்ஸ் என்று சொல்லப்படும் வைரஸ் முக்கியமாகக் கடியில்தான் பரவுகிறது. அது மனிதருக்கு வராது. வெறிநோய் வரும், ஆகவே அந்தத் தடுப்பூசியை ஆபரேஷனைச் சாக்கிட்டுத் தள்ளிப்போடாதீர்கள்.

எலி பிடிக்குமா?

பிடிக்கும். வேட்டைக்கும் விதைக்கும் சம்பந்தமில்லை.

ஒரு தடவையாவது குட்டி போட விட்டால்தான் பெட்டைக்கு நல்லது என்கிறார்களே?

பாட்டி காலத்துப் பேச்சு, ஆதாரம் இல்லை. நேர்மாறாகத்தான் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் ஆன பெட்டைகளுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு மிகவும் குறைகிறது. பூனைக்கு வரும் மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுதான் என்பதால் இது சின்ன விஷயமில்லை. கருப்பையில் சீழ் கட்டும் நோயும் தவிர்ந்துவிடும். நாலு ஐந்து மாதம், எடையும் உடம்பும் சரியாக இருந்தால், நல்ல வயது. வயதான பூனைக்கும் செய்யலாம். அதற்கு முன் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

அண்ணன் தங்கை, தாய் மகன் என்ற முறையெல்லாம் பூனைக்குத் தெரியாது. ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை வைத்திருப்பவர்கள் "கூடப் பிறந்ததுங்கதானே" என்று அசட்டையாக இருந்து, இரண்டு மாதத்தில் மூன்று நாலு குட்டியோடு நிற்கிறார்கள். சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாள்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும். ஒரே ஈற்றில் ஒரு குட்டிக்கு ஒரு தகப்பன், இன்னொன்றுக்கு வேறு தகப்பன் என்பதும் நடக்கும்.

ஆபரேஷன் இல்லாமல் ஊசி, மாத்திரை?

மனிதர் மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி உடைத்துப் பாலில் கலக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். அந்த வகை ஹார்மோன் கத்தலை நிறுத்தும், உண்மைதான். கூடவே மடி வீக்கம், கருப்பைச் சீழ், சர்க்கரை நோய் எல்லாவற்றையும் இழுத்து வரும். கடைசியில் சீழ் பிடித்த கருப்பையை எடுக்க, நல்ல நாளில் செய்திருக்கவேண்டிய அதே ஆபரேஷனை உயிர் ஊசலாடும் நேரத்தில் செய்யவேண்டி வருகிறது. செலவும் கூடும்.

குண்டாகிவிடுமே?

ஆகும், போட்டால். ஆபரேஷனுக்குப் பின் உடம்புக்குத் தேவை நாலில் ஒரு பங்கு போலக் குறைகிறது, பசி கூடுகிறது. பால்சோற்றைக் கிண்ணம் நிறைய வைத்துவிட்டு வேலைக்குப் போகும் வழக்கத்தை மாற்றுங்கள். அளந்து இரண்டு வேளை, மீன் கறி கூடுதல், சோறு குறைவு.

தெருப் பூனைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

பெட்டைகளிடமிருந்து. தெருவில் ஐந்து கடுவனில் நாலுக்குச் செய்தாலும் மிச்சமுள்ள ஒன்று எல்லாப் பெட்டையையும் பார்த்துக்கொள்ளும், குட்டி எண்ணிக்கை குறையாது. ஒரு பெட்டைக்குச் செய்தால் அந்தப் பெட்டையின் ஈற்றுகள் அத்தனையும் நிற்கும். பால் கொடுக்கும் தாயைக் குட்டிகள் தாமாகத் தின்னத் தொடங்கும்வரை விடுவது நல்லது. கையில் சிக்காத தாய் என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு முன்பே செய்யலாம், பால் நின்றுவிடாது. மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிடச் சொல்லுங்கள். அடுத்தவர் மறுபடி பிடித்து வயிற்றைக் கிழிக்காமல் இருக்க அதுதான் அடையாளம்.

வேலூரில் எங்கே, எப்போது?

அரசு கால்நடை மருத்துவமனைகளில் மாடு ஆடு கூட்டம் அதிகம். பூனைக்கு ஆபரேஷன் எந்த நாள், மயக்க மருந்து இருப்பில் உண்டா என்று முன்னாலேயே கேட்டுவிட்டுப் போங்கள். வேலூர், காட்பாடியில் தனியார் செல்லப்பிராணி மருத்துவமனைகளும் உண்டு. சிக்கலான கேஸ், வயிற்றுக்குள் விதை, மிஞ்சிய சினைப்பை என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரச் சமாச்சாரம்.

வேலூர் வெயிலைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கத்திரியில் மதிய ஆட்டோவில் பூனையைத் துணிப்பையில் அடைத்துக் கொண்டுபோகாதீர்கள். காற்றோட்டமுள்ள கூடை, காலை முதல் நேரம். எத்தனை மணி நேரம் பட்டினி என்று மருத்துவர் சொன்னபடி கேளுங்கள், சின்னக் குட்டிக்கு நேரம் குறைவு. வீட்டுக்கு வந்தபின் வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். பெட்டை தையலை நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்பு, அது கிடைக்காவிட்டால் கைக்குழந்தையின் பழைய பனியன். பத்துப் பதினாலு நாள்.

ஆபரேஷன் முடிந்து வந்த பூனையைப் பார்த்து வீட்டிலுள்ள மற்றப் பூனை சீறுகிறது. இரண்டும் நேற்றுவரை ஒன்றாகப் படுத்தவை!

மருத்துவமனை வாசனைதான். ஒருநாள் தனி அறை, பழைய படுக்கைத் துணியால் உடம்பை லேசாகத் துடைத்துவிடுங்கள். வாடை போனதும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.